மாடியில் சிலுவையைக் காணோம்

நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். நெமிலிச்சேரியில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடி ஒழுகியது. சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்ததால், கொத்தனாரை அவரிடமே அனுப்பினேன்.

வேலை முடிந்ததென்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. தளம் முழுக்க வெள்ளைப் பூச்சு. ஆனால் கைப்பிடிச் சுவரில் நாங்கள் கட்டிய சிலுவையைக் காணோம். கொத்தனாருக்குப் போன் செய்தேன்.

“சிலுவை எங்கேப்பா?”

“இன்னாக்கா, அது பக்கத்தூட்டு மாடில தான கீது! அந்தக்காதான் என்னை இங்க இட்டுகினு வந்துச்சு.”

அவர் பூசியது அக்கா வீட்டு மாடி!

அக்காவைக் கேட்டால், “அவரே தப்பா ஏறிட்டாரும்மா” என்று சிரிக்கிறார். நான் நம்பவில்லை.

சாவியை வாங்கிவிட்டேன். இப்போதெல்லாம் வேலைக்கு வருபவர் சிலுவையருகே நின்று வீடியோ காலில் காட்டினால்தான் பூச்சு டப்பாவைத் திறக்க விடுகிறேன்.

இந்த மழைக்கு அக்கா வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையாம். அதையும் அவரே போன் செய்து சொன்னார்.