எதிர்க்கடை மீனம்மா

மீனம்மாவைப் பற்றி நான் நடுநிலையாக நின்று எதையும் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அவள் என் எதிர்க்கடைக்காரி. காலையில் அவள் அடுப்பில் புகை கிளம்பினால் என் வயிறு எரியத் தொடங்கும். இதை மறைத்து வைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்கு வராது.

என் பெயர் முத்துலிங்கம். ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்குப் போகிற வழியில், சந்து திரும்புகிற இடத்தில் இருக்கும் சைவக் கடை என்னுடையது. காலையில் இட்லி, தோசை, உழுந்து வடை. பகலுக்குச் சோறு. பெரிய ஹோட்டல் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் வருகிற சனம் கையைக் கடிக்காமல் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போகிற இடம். எட்டு மேசை, ஒரு கண்ணாடி அலுமாரி, கை கழுவப் பைப். மழைக்காலத்தில் உள்ளே நிற்க இடமிருக்காது. அப்படி நடந்த கடை இது.

மீனம்மா அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவள், இருபது வருடம் இறக்கி வைக்கவில்லை. புருசன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். அங்கேயே இன்னொரு குடும்பமும் வைத்துக்கொண்டான். அவள் அழுது புரண்டதாக யாரும் சொல்லவில்லை. மகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று, கெட்டும் பட்டணம் சேர் என்கிற மாதிரி, மகளையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வந்து ஒரு துணிக்கடையில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். இதுவரை அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. வடை வாங்க வந்தால் கொஞ்சம் பெரிதாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு நாட்டில் காஸ் இல்லாமல் போன அந்த வருடம் வந்தது. நான் வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். கடை ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பூட்டிக் கிடந்தது. அந்த ஆறு கிழமைக்குள் அவள் எனக்கு நேர் எதிரே, மூடிக் கிடந்த தையல் கடையின் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்துவிட்டாள். மூன்று கல்லை வைத்தாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் விழுகிற குச்சி இருக்கிறதே, மிலாறு, அதைத் தோட்டத்திலிருந்து கட்டுக்கட்டாக இறக்கினாள். தேங்காய் ரொட்டி, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பல், பால் இல்லாத பிளேன்டீ. வேறு ஒன்றும் கிடையாது. உட்கார இரண்டு வாங்கு. நான் காஸ் கிடைத்துக் கதவைத் திறந்தபோது என் ஆட்களில் பாதிப் பேர் எதிரே நின்று ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்து வேறு வைத்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சிவசாமி விஷயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சிவசாமி அக்கரப்பத்தனை பஸ்ஸின் டிரைவர். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பஸ் ஓட்டுகிறவருக்குச் சாப்பாடு சும்மா. அவர் பஸ்ஸைக் கடை வாசலில் நிறுத்திச் சனத்தை இறக்கிவிடுவார். இறங்குகிற சனம் பசியோடு இறங்கும். யாரும் பேசி எழுதிக்கொள்வதில்லை, ஆனால் இலங்கை முழுக்க இதுதான் நடைமுறை. இருபத்தொரு வருடம் சிவசாமி எட்டு மணிக்கு என் வாசலில் பஸ்ஸை நிறுத்துவார். ஜன்னல் பக்கத்து மேசையில் உட்காருவார். மூன்று தோசை, ஒரு வடை, பால் தேத்தண்ணி. ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. தட்டை வழித்துத் தின்பார். நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகன் கல்யாணத்தில் அவரை முதல் பந்தியில் உட்கார வைத்தவன் நான்.

இந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு முடிந்த கிழமை, பஸ் என் வாசலில் நிற்காமல் நேரே தரிப்பிடத்துக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் சிவசாமி நடந்து வந்தார், என் கடைப் பக்கம் திரும்பாமல் மீனம்மாவின் வாங்கில் போய் உட்கார்ந்தார். ஏதோ ஒரு நாள் ஆசை என்று இருந்தேன். அடுத்த நாளும் அதே. அதற்கு அடுத்த நாளும்.

அவள் இவருக்கு என்ன கொடுத்து மயக்குகிறாள் என்று கல்லாவில் இருந்தபடி கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ரொட்டியைத் தின்றார், கையைக் கழுவினார், சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து அவள் கையில் கொடுத்தார். எனக்குத் தலை சுற்றியது. சும்மா கிடைக்கிற தோசையை விட்டுவிட்டுக் காசு கொடுத்து ரொட்டி தின்கிறார்! அதைவிட மோசம், பஸ்ஸை அவள் வாசலிலும் நிறுத்துவதில்லை. சனம் தானாக நடந்து போகிறது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும், வாய்க்கு வேறு ருசி தேடுகிறது போல என்று நினைத்து, மறுநாள் அவரை வழி மறித்தேன். “சிவசாமி, நாளையிலருந்து நெய்த் தோசை போட்டுத் தாரேன், வாங்க” என்றேன். சிரித்துக்கொண்டு போனார். அடுத்த நாள் வீட்டுக்குப் பகல் சோறும் கட்டித் தருகிறேன் என்றேன். அதற்கும் சிரிப்புத்தான்.

இரவு சாப்பிடும்போது மனைவியிடம் கொட்டினேன். அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் இடையில் ஏதோ இருக்க வேண்டும் என்றும் வாய் தவறி வந்துவிட்டது.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “வெக்கமா இல்லீங்களா ஒங்களுக்கு? வாய்க்கு வாய் அண்ணேன்னு கூப்புடுது அந்தப் புள்ள. ரொட்டிக்குப் போற மனுசனுக்கு இப்புடியெல்லாமா கத கட்டுவாங்க?”

கதை கட்டியது தப்புத்தான். அதற்காக எரிச்சல் அடங்கிவிடுமா?

கடைசியில் நானே அவள் கடைக்குப் போனேன். ரகசியம் ரொட்டியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். மீனம்மா பதறிப்போய் வாங்கைத் துணியால் துடைத்தாள். “மொதலாளி, நீங்களா? ஒக்காருங்க, ஒக்காருங்க” என்று இலையில் சூடாக இரண்டு ரொட்டி வைத்தாள். அவள் மரியாதையாக நடந்துகொண்டது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன்: ரொட்டி சுமார்தான். ஒரு பக்கம் கருகல், நடுவில் கொஞ்சம் மாவு. சம்பலில் வெங்காயத்தைவிட மிளகாய் அதிகம். இதற்கா இந்தக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சிவசாமி வந்து பக்கத்து வாங்கில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஒரு வாய் பிய்த்துப் போட்டார்.

“என்னா தங்கச்சி, ரொட்டியா இது? பஸ்ஸுக்கு டயர் இல்லாட்டி இதத்தான் மாட்டணும்.”

“பல்லு இல்லாத ஆளுக்கெல்லாம் ரொட்டி சுட்டா இப்புடித்தான் பேச்சுக் கேக்கணும். கஞ்சி காச்சித் தரவாண்ணே?”

“அதையும் கருக வச்சுருவ.”

“வாய் பேசுற ஆளுக்கு நாளைக்கு ரொட்டி கெடையாது, பாரு!”

வாங்கில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிவசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருபத்தொரு வருடத்தில் என் கடையில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. மிச்ச ரொட்டியை இலையோடு ஒதுக்கினேன். காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று பிற்பகல் தரிப்பிடத்துக்குப் போய், பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சிவசாமியிடம் நேராகவே கேட்டேன். “என் கடையில என்னா கொற? சொல்லிட்டுப் போங்க.”

அவர் துணியைப் பிழிந்து தோளில் போட்டார். “கோவிச்சுக்கக் கூடாது மொதலாளி. ஓசியில திங்கிற எடத்துல வாயத் தொறக்க முடியுங்களா? தோச ஆறிப் போயி வந்தாலும் தின்னுட்டு எந்திரிக்கணும். சாம்பார் தண்ணியா இருந்தாலும் ஊத்திக்கிரணும். அங்கன்னா காசக் குடுக்குறேன், சண்ட புடிக்கிறேன், திங்கிறேன். மனசு லேசா இருக்குங்க.”

“தோச ஆறிப் போயா வந்துச்சு?”

“மூணு வருசமாங்க.”

எனக்கு விளங்கிவிட்டது. காஸ் விலை ஏறியதிலிருந்து விடியற்காலையிலேயே தோசையை மொத்தமாகச் சுட்டு அடுக்கி மூடி வைக்கிறோம். எட்டு மணிக்கு அது எப்படி இருக்கும் என்று நான் தின்று பார்த்ததில்லை.

“சரி சிவசாமி. ஒரு நாள் வாங்க. காசு குடுத்தே சாப்புடுங்க. கொற இருந்தா மொகத்துக்கு நேரா சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

வியாழக்கிழமை வந்தார். பழைய ஜன்னல் மேசை. நான் கல்லாவை விட்டு இறங்கி, கல்லுக்குப் பக்கத்தில் நின்று மூன்று தோசையைச் சுடச்சுடச் சுட வைத்தேன். சாம்பாரும் அன்று திக்காக இருந்தது. எல்லாம் சரியாக இருந்ததுதான் பிரச்சினை. சரியாக இருந்தால் அவர் எதைக் குறை சொல்வார்? எதை வைத்து எங்களுக்குள் சண்டை வரும்? மீனம்மாவிடம் பேசுகிற மாதிரி என்னிடம் ஒரே ஒரு தடவை பேச வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவருக்கு வைத்த சாம்பார்க் கிண்ணத்தில் ஒரு கரண்டி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். தேயிலை மலையில் எத்தனையோ கடைக்காரன் பொறாமைப்பட்டிருப்பான். பொறாமையில் தன் சாம்பாரைத் தானே கெடுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அவர் முதல் வாயை வைத்தார். கண் ஒரு நொடி சுருங்கியது. நான் மேசை ஓரமாகவே நின்றேன். என்ன மொதலாளி இது, கடலையே கொண்டாந்து ஊத்திட்டீங்களா என்று கேட்கப்போகிறார். பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்றுகூட நான் யோசித்து வைத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தின்றார். இரண்டாவது தோசையையும் அதே சாம்பாரில் தொட்டார். மூன்றாவதையும். கிண்ணம் காலியானது.

“எப்புடி?” என்றேன். “கொற இருந்தா சொல்லுங்க சிவசாமி. காசு குடுக்கப் போறீங்க, தாராளமா சொல்லுங்க.”

“ஒரு கொறையும் இல்லீங்க மொதலாளி. அருமையா இருந்துச்சு” என்றார். காசை இரண்டு கையாலும் பிடித்து மரியாதையாக நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

அவர் தெருவைக் கடந்து நேரே எதிர்க்கடைக்குப் போனார். கேட்கக் கூடாது என்றாலும் காது அங்கேதான் இருந்தது.

“தங்கச்சி, மொதல்ல ஒரு செம்பு தண்ணி குடு.”

“என்னண்ணே, என்னத்தத் தின்ன?”

“ஒண்ணும் இல்ல, குடு.”

அண்ணாந்து செம்பைக் காலி செய்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு அவள் நீட்டிய பிளேன்டீயில் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தெருவே கேட்கும்படி கத்தினார்: “என்னா எழவு தேத்தண்ணி இது? மாடு கூட குடிக்காது!”

“அதான் ஒனக்குக் குடுத்தேன்!” என்று அவளும் கத்தினாள்.

நான் கல்லாவில் நின்றேன். அவருடைய காசு என் கையில் இருந்தது. திட்டு மீனம்மாவுக்குப் போய்விட்டது.