கல்லறையில பாசி உரஞ்சின கதை

சில்க்போர்க் பக்கத்துக் காட்டுப் பூங்காவில நான் வேலை பழகின மூண்டாம் கிழமை நடந்தது இது. நடைபாதை துப்புரவாக்கிறது, குப்பை பொறுக்கிறது, வழி காட்டுற கட்டைகளுக்குப் பெயின்ற் அடிக்கிறது, இதுதான் வேலை. மேலாள் ஓலே எண்ட டெனிஷ்காரர். கூட வேலை செய்தவர் மன்னார் தம்பிராசா அண்ணை.

அந்த வருசங்களில எங்கட ஆக்கள் குடும்பத்தைக் கூப்பிடக் குடுத்த ஃபைல் ஒண்டும் அசையேல்லை. என்ர மனுசன் யாழ்ப்பாணத்தில. வேலைக் கடிதம் வைச்சால் அசையும் எண்டு சொல்லிச்சினம். மூண்டு மாதம் ஒழுங்காச் செய்தால் ஓலே கடிதம் தருவார்.

எனக்கு அந்தக் காடு பெரிய புதினம். பாதை பிரியிற இடமெல்லாம் எங்க போகுதெண்டு பாக்காமல் விடன். ஒருநாள் மஞ்சள் கட்டைப் பாதையால போக, மேட்டில பெரிய பெரிய கல்லுகள்.

"அண்ணை, இதென்ன?"

"ஆயிரக்கணக்கான வருசத்துக் கல்லறையாம், பிள்ளை."

கல்லு முழுக்கப் பாசி. ஒக்டோபர் முடியிற நேரம் அது. ஊரில எண்டால் வேதக்காரர் நாங்கள் மரித்தோர் நாளுக்கு முதல் கல்லறையை உரஞ்சிக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பம். மனம் கேக்கேல்லை. வாளியும் பிரஷும் எடுத்துவந்து உரஞ்சினன். ரெண்டு கல்லு பளிச்செண்டு வந்திட்டுது. சுண்ணாம்பு இல்லையே எண்டுதான் கவலை.

ஓலே வந்து பாத்தார். முகம் சிவந்திட்டுது.

"ஆர் செய்தது?"

"நான்தான்."

"இது அரசாங்கம் பாதுகாக்கிற கல்லு, தொட எனக்கே அனுமதி இல்லை."

தம்பிராசா அண்ணை மெல்லச் சொன்னார்: "டெனிஷ்காரற்ற பூட்டனைக் குளிப்பாட்டிப் போட்டீர். இனிக் கடிதம் வந்த மாதிரித்தான்."

நான் தலை குனியேல்லை. தெரிஞ்ச டெனிஷில சொன்னன்: "செத்த ஆக்கள். ஒருத்தரும் வாறேல்லை. அதுதான் கழுவினன்."

ஓலே வாளியையும் பிரஷையும் எடுத்து ஒரு பக்கம் வைச்சார். பிறகு, "நானும் சனிக்கிழமையில அம்மாவின்ர கல்லறையில புல்லுப் பிடுங்கிறனான். ஆனால் இதுக்குப் பாசி இருக்க வேணும். இனி என்னட்டைக் கேளும்" எண்டார்.

மூண்டு மாதத்தில கடிதம் தந்தார். 'சொல்லாத வேலையும் செய்வா, பாத்துக்கொள்ள வேணும்' எண்டு எழுதியிருந்ததெண்டு தம்பிராசா அண்ணை வாசிச்சுச் சொன்னார். அதைக் குடுத்தும் ஃபைல் அசையக் கனகாலம் எடுத்தது.

மனுசன் வந்தாப்பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன். அந்த ரெண்டு கல்லிலயும் பாசி அரைவாசிதான் பிடிச்சிருந்தது. சுத்திப் பாத்தவர் கேட்டார்: "மற்றதுகளையும் கழுவி விடுவமோ?"

அவர் கேட்டிட்டுச் செய்யப் பாத்தார். நான் செய்துபோட்டுத்தான் கூடாதெண்டு கேள்விப்பட்டனான். வேலைக்குப் போற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது, முதல் கேளுங்கோ, பிறகு செய்யுங்கோ, அவ்வளவுதான்.