ஏழு மணி வோல்டேஜ்

என் வீட்டுக்காரர் பாடுவார். நன்றாகப் பாடுவார் என்று நான் சொல்லவில்லை. எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலை. நாளெல்லாம் காப்பித் தோட்டத்தில் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கிவிட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு ரெக்கார்டு பிளேயர் முன்னால் நிற்பார். இசைத்தட்டு ஓட ஆரம்பித்தால் கூடவே இவரும் ஆரம்பித்துவிடுவார். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஓயாது. பிளேயர் எங்கள் கல்யாணமான புதிதில், எழுபதுகளில் வாங்கியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போடுகிற சத்தம் போதாதா, வீட்டிலும் இதுவா என்று நான் முணுமுணுக்காத நாள் குறைவு.

"டீச்சரம்மாவுக்கு ஞானம் பத்தாது" என்பார்.

அதே பாட்டு ரேடியோவில் வந்தால் மட்டும் அவருக்கு ஆகாது. "பாரு, எப்படித் தொரத்தறான்னு. அடுத்து வெளம்பரம் போடோணுமில்ல, அதுக்குத்தான் இந்த அவசரம்" என்பார். நான் கணக்கு டீச்சர். நானும் அதை நம்பினேன்.

ஏற்காட்டு மழைக்காலத்தில் அலமாரிக்குள் வைத்த செருப்பிலேயே பூஞ்சை பூக்கும். இசைத்தட்டு எம்மாத்திரம்? தொண்ணூறுகளின் கடைசியில் மகன் படிப்பு முடித்து மெட்ராசுக்கு வேலைக்குப் போனபோது, தன் பழைய கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுப் போனான். "பாட்டெல்லாம் இதுல ஏத்திருங்கம்மா. பூஞ்சையும் புடிக்காது, முள்ளும் தேயாது" என்று சொல்லி, எந்த ஒயரை எங்கே செருகுவது என்று காட்டிக்கொடுத்தான். கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கி வைத்தான். ஏறி இறங்குகிற எங்கள் மலைக் கரண்ட்டை நேராகக் கொடுத்தால் கம்ப்யூட்டர் பிழைக்காதாம்.

கோடை விடுமுறை முழுவதும் எனக்கு இதே வேலை. அவர் எஸ்டேட்டுக்குக் கிளம்பியதும் தட்டுகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்து ஓட விடுவேன். ஸ்டெபிலைசரில் ஒரு பிளக் பாயிண்ட் சும்மா கிடந்ததால் பிளேயரையும் அதிலேயே செருகிக்கொள்வேன்; அவர் வருவதற்குள் பழைய இடத்திலேயே வைத்துச் சுவரில் செருகிவிடுவேன். பாட்டுகள் எல்லாம் கொஞ்சம் சுறுசுறுப்பாகத்தான் கேட்டன. கம்ப்யூட்டர் என்றாலே வேகம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் ஏற்றி முடித்த அன்று சாயந்திரம் அவரை உட்காரவைத்து, அவருக்கு மிகவும் பிடித்த பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து பாடினார். இரண்டாவது அடியிலேயே பின்தங்கினார். மேலே போகிற இடத்தில் குரல் எட்டவில்லை. சரணத்துக்குள் மூச்சு வாங்கியது. பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"மூச்சுப் புடிக்க முடியல. நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தேன்?"

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். இதயம், நுரையீரல் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். இவர் நம்பவில்லை. "அவரு மூச்ச இழுத்து உடத்தான் சொன்னாரு. பாடச் சொல்லிப் பாத்தாரா?" என்றார். பாட்டை விட்டார். மேடு ஏறும்போது அடிக்கொருதரம் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். கடைசியில், "நொம்ப நாளைக்குத் தாங்காது போல. தோட்டத்துக்கு வேற ஆளப் பாருங்கன்னு முதலாளிகிட்டச் சொல்லிரப் போறேன்" என்றார்.

தொல்லை விட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் இருக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சாயந்திரம் இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. இடி இடித்தால் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்பது மகனுடைய உத்தரவு. வீடு ஊமையாகக் கிடப்பதைப் பொறுக்கமுடியாமல் பழைய பிளேயரைத் தூக்கி வந்து, சுவர் பிளக்கில் செருகி ஒரு தட்டைப் போட்டேன். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தன்னை அறியாமல் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். பிறகு வாய்விட்டுப் பாடினார். ஒரு இடத்திலும் பிசகவில்லை, மூச்சும் வாங்கவில்லை. பாட்டு முடிந்ததும் அவரே திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

நான் தலைக்கு மேலே எரிந்த பல்பைப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் இறங்கிப்போகிற எங்கள் ஊர் ஏழு மணி வோல்டேஜில் பல்ப் எப்படி எரியுமோ அப்படித்தான், பழுத்த மஞ்சளாக அழுது வடிந்துகொண்டிருந்தது. எனக்குள் என்னவோ உறைத்தது.

மழை விட்டதும் அதே தட்டை மறுபடியும் போட்டு, பாதியில் பிளக்கைப் பிடுங்கி ஸ்டெபிலைசரில் செருகினேன். பாடகர் திடுதிடுவென்று ஓட ஆரம்பித்தார். திரும்பச் சுவரில் செருகினேன். நிதானமாக நடந்தார். எங்கள் பிளேயர் இத்தனை வருடமும் அரைக் கரண்ட்டில் தள்ளாடித்தான் சுற்றியிருக்கிறது. அந்த வேகத்திலேயே இவர் பாட்டெல்லாம் கற்றிருக்கிறார்.

விளக்கிச் சொன்னேன்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. மோட்டாருக்குத்தான் சத்துப் பத்தல."

ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது. உடனே அவருக்கு வழக்கமான மிடுக்கு திரும்பிவிட்டது. "கம்ப்யூட்டர்ல இருக்கறத அழிச்சுட்டு நம்ம வேகத்துலயே திரும்ப ஏத்திரு" என்றார்.

"ஒரு லீவு முழுக்க ஏத்துனதுங்க. உங்களுக்காகத் திரும்ப ஏத்தோணுமா?"

"பின்ன யாருக்காக ஏத்தற?"

மறுநாளிலிருந்து தினமும் விளக்கு வைத்த பிறகு, கம்ப்யூட்டரை ஸ்டெபிலைசரிலும் பிளேயரைச் சுவரிலும் செருகிப் பழையபடி ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் நின்று பாடினார். தட்டிலிருந்து ஒயர் வழியாகப் போவதுதான் கம்ப்யூட்டரில் ஏறும், தன் குரல் ஏறாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் கூச்சமில்லாமல் பாடினார்.

கம்ப்யூட்டரோடு ஒரு சின்ன மைக் வந்திருந்தது. முதல் பாட்டுக்கு முன்பே அதையும் செருகி, திரையில் அதற்கான கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. இப்போது எங்கள் பாட்டுகளில் எதைப் போட்டாலும் பாடகர் பின்னால் எங்கோ மெல்லக் கேட்கிறார். இவர்தான் முன்னால் நின்று பாடுகிறார்.