காற்றை அளக்கும் கதவு

முதன்முதல் அந்தக் காரின் எஞ்சின் மூடியை என் கணவர் உயர்த்திக் காட்டியபோது, இதற்குள் ஒரு தொட்டில் கட்டலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. எட்டு மாதப் பிள்ளையைக் கையில் வைத்திருந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார் அது. இரண்டே கதவுகள், கடும் பச்சை நிறம், முன்பக்கம் ஒரு வள்ளத்தின் நீளம். எட்டு சிலிண்டர்கள். அவற்றின் நடுவில், உச்சியில், ஒரு பெரிய கார்புரேட்டர் குந்திக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை ஊசிகளால் பீச்சுகிற புதிய முறைக்கு அந்தக் காரை மாற்றவேண்டும். அதற்கு எங்களுக்குக் கிடைத்த அவகாசம் மூன்று கிழமை, இருபத்தொரு நாட்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸின் லா ஷப்பலில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போகும் தண்டவாளங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய கராஜில் என் கணவர் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தில் அவர் கைதேர்ந்த மெக்கானிக். பாரிஸில் இரண்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். இந்தக் கராஜிலும் அவருக்குக் கிடைத்தது கார் கழுவுவதும் எண்ணெய் மாற்றுவதும்தான். முதலாளி பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு இராணுவத்தில் வாகனப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். அந்தப் பச்சைக் கார் அவருடைய சொந்தக் கார். குளிர்காலத்தில் அது கிளம்பாது. கிளம்பினால் தெரு முழுக்கப் பெட்ரோல் மணக்கும். விபத்தில் நசுங்கிய எட்டு சிலிண்டர் இங்கிலாந்துக் கார் ஒன்று கராஜுக்கு வந்தபோது, அதில் பழுதாகாமல் இருந்த ஊசிகளையும் கணினிப் பெட்டியையும் பார்த்து முதலாளிக்கு ஆசை பிறந்தது.

அன்று பின்னேரம் என் கணவர் கையைக்கூடக் கழுவாமல் வந்து சொன்னார்.

"நான் செய்யிறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"எதை?"

"முதலாளியின்ரை காரை. மூண்டாஞ் சனிக்கிழமைக்குள்ளை ஓடவைச்சால் மெக்கானிக்கா எடுக்கிறாராம். இல்லையெண்டால் பழையபடி கோப்பை கழுவப் போகட்டாம்."

"பகிடிக்குச் சொல்லியிருப்பார்."

"இல்லையப்பா. அதுக்கடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கக் கார் வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் கூடுகினமாம். இன்ஜெக்ஷன் போட்ட காரோடை வாறன் எண்டு அவரும் வாயைக் குடுத்திட்டார். இப்ப ரெண்டு பேரும் மாட்டுப்பட்டிட்டம்."

"உங்களுக்கு இந்த வேலை தெரியுமோ?"

"தெரியாது," என்று சிரித்தார். பிறகு சட்டைக்குள்ளிருந்து எண்ணெய் படிந்த தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நசுங்கிய காரின் முன்பலகைப் பெட்டியில் கிடந்ததாம். "இங்கிலீஷிலை கிடக்கு. முதலாளிக்கும் விளங்காது, எனக்கும் விளங்காது. உமக்கு விளங்கும்தானே?"

உயர்தர வகுப்பில் நான் பௌதிகம் படித்தவள். அவ்வளவுதான். என்னால் முடியாது, ஒரு வயரைப் பிழையாகச் சொன்னால் கார் எரிந்துபோகும், உங்களுடைய கை எரிந்துபோகும் என்றேன். சொல்லிக்கொண்டே முதல் பக்கத்தைப் புரட்டினேன். பத்தாவது பக்கத்துக்கு வரும்போது சமையலை மறந்திருந்தேன்.

நான் விளங்கிக்கொண்டது இதுதான். கார்புரேட்டரில் உள்ளே போகும் காற்றே தனக்கு வேண்டிய பெட்ரோலை இழுத்துக்கொண்டு போகும். இந்தப் புது முறையில் காற்று வரும் வழியில் ஒரு சின்னத் தகடு, கதவு போல, தொங்குகிறது. காற்று அதைத் தள்ளித் திறந்துகொண்டு போகிறது. கதவு எவ்வளவு திறந்தது என்பதை வைத்து, எவ்வளவு காற்று போனது என்று கணினிப் பெட்டி கணக்கிடுகிறது. அதற்கேற்ற நேரம் ஊசிகளைத் திறந்து வைத்திருக்கச் சொல்கிறது. எட்டு ஊசிகளும் ஒரே நேரத்தில் பீச்சும். இதை வாசித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. எந்த ஊசிக்கு எந்த வயர் என்று மாறினாலும் குடி முழுகாது.

ஆனாலும் நான் அடையாளம் போட்டேன். பிள்ளைக்கு வாங்கிய பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வெட்டி, அ, ஆ, இ, ஈ என்று எழுதி, ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒட்டினேன். கணவர் பகலில் கராஜில் கழற்றிக்கொண்டு வருவார். நான் பிள்ளையை ஒரு துடையில் இருத்திக்கொண்டு படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒருமுறை பார்த்தால் மனம் ஆறாது. இரண்டாம் முறை பார்ப்பேன். அவர் படுக்கப் போனபின், மூன்றாம் முறை.

"கதவைத் தாண்டாமல் ஒரு சொட்டுக் காத்தும் உள்ளை போகக்கூடாதாம்," என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"இதோடை நாப்பது தரம் சொல்லிப்போட்டீர்."

"விளங்கிச்சுதோ எண்டு கேக்கிறன்."

"விளங்கிச்சுது, டீச்சர்."

உண்மையிலேயே விளங்கித்தான் இருந்தது. பழைய எஞ்சினில் காற்று நுழையக்கூடிய ஒவ்வொரு குழாயையும் தேடிப் பிடித்து, வளையம் போட்டு இறுக்கினார். எஞ்சினில் எண்ணெய் கிடக்கும் அடிவயிற்றிலிருந்து காற்று வெளியேறும் குழாயைக்கூட அந்தக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பொருத்தினார். ஊசிகள் உட்காரத் துளைபோட்டு ஒட்டவேண்டிய இடங்களைக் கடைசல்காரர் ஒருவரிடம் கொடுத்துச் செய்வித்தார். ஒவ்வொரு நாளும் என்ன செய்தார் என்று அவர் சொல்லச் சொல்ல, நானும் அந்தக் கராஜில் நின்றதுபோல் இருக்கும். மணமாகி வந்தபின் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

மூன்றாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் கராஜுக்குப் போகவேண்டியிருந்தது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. புத்தகத்தை வாசிக்கவும் வேறு ஆளில்லை. உயரத்தில் மெட்ரோ ஓடும் பாலத்தின் கீழாகத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பிள்ளைக்கு இரண்டு சட்டை போட்டது போதுமா, பெட்ரோல் மணம் அவளுக்கு ஆகுமா, இடது என்று புத்தகம் சொன்னது ஓட்டுபவரின் இடதா, முன்னால் நின்று பார்ப்பவரின் இடதா. இங்கிலாந்துக் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதையாவது யோசித்தேனா? வழி முழுக்க இதே கேள்விகள்.

முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டு காரின் முன்னால் நின்றார்.

"வாம்மா, வா. டாக்டரம்மா வந்தாச்சு. எட்டு ஊசி போட்டிருக்கீங்க, பேஷண்ட் எழுந்து உக்காருவானா?"

"எழும்புவான்," என்றார் என் கணவர், என்னைப் பார்க்காமல்.

"உங்க யாழ்ப்பாணத்துல ஏ ஃபோர்ட்டின்னு ஒரு குட்டிக் காரைக் கட்டிப்புடிச்சிக்கிட்டு இருந்தீங்களே, அந்த மாதிரி பொம்மை வண்டி இல்லப்பா இது. தெரியுமில்ல?"

"அந்தப் பொம்மை வண்டியளை முப்பது வருசமா ஓடவைச்சனாங்கள், முசியே. உங்கடை இந்தப் பெரியவன் ஒரு குளிருக்கே படுத்திட்டான்."

பிரெஞ்சில் ஐயா என்பதற்கு முசியே. முதலாளி பெரிதாகச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கணவர் சாவியைத் திருப்பினார். ஒரு முனகல், ஒரு இருமல், பிறகு எட்டு சிலிண்டர்களும் சேர்ந்து உறுமின. கராஜின் தகரக் கூரை அதிர்ந்தது. பிள்ளை அழப்போகிறாள் என்று குனிந்தால் அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள். எனக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது. நான் எழுதிய அ, ஆ, இ, ஈ உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது!

கணவர் இறங்கி ஓடிவந்து எஞ்சினின் மேலே கையை வைத்தார். அது நன்றாகத்தான் ஓடியது. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். எஞ்சின் தள்ளாடியது, திக்கியது, நின்றுவிட்டது.

மறுபடி சாவி, மறுபடி உறுமல், மறுபடி தள்ளாட்டம். நின்றது.

"பெட்ரோல் வாற அழுத்தம் காணாது போலை," என்றார் கணவர். அழுத்தத்தை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார். அது சரியாக இருந்தது. அவருடைய காதுகள் சிவந்திருந்தன. "மற்றது, இதின்ரை மூச்சும் சரியில்லை. வெளியிலை விடவேணும். இது உள்ளை இழுக்குது. உள்ளுக்குள்ளை ஏதோ பிழை."

முதலாளி இப்போது சிரிக்கவில்லை. "என் எஞ்சின் நல்ல எஞ்சின்பா. கார்புரேட்டர் இருக்கிறப்போ ஒழுங்காத்தானே ஓடிச்சு? பேசாம அதையே தூக்கி மாட்டிடு. மூணு மணிக்குள்ள முடிப்பியா?"

மாட்டினால் கார் ஓடும். ஆனால் என் கணவர் திங்கட்கிழமை பழையபடி உணவகத்தில் கோப்பை கழுவுவார்.

எங்கே பிழைவிட்டேன்? புத்தகத்தின் ஐந்தாம் இலக்க வயரையும் ஆறாம் இலக்க வயரையும் மாற்றிச் சொன்னேனா? வெப்பமானியின் வயரை? புத்தகத்தை எடுத்தேன், எழுத்துகள் ஓடின. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எஞ்சினின் அருகே போய் ஒவ்வொரு பிளாஸ்டரையும் விரலால் தொட்டு வாசித்தேன். எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.

"ஒருக்கால், ஒரே ஒருக்கால்," என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கணவர் மூன்றாம் முறை சாவியைத் திருப்பினார். உறுமியது. ஓடிவந்து பழையபடி உள்ளங்கையை வைத்தார்.

அப்போதுதான் அவர் எங்கே கையை வைக்கிறார் என்று பார்த்தேன். எண்ணெய் ஊற்றும் வாயின் மேல். அதன் மூடி கழற்றப்பட்டுப் பக்கத்தில் கிடந்தது. அவர் வேலை பழகிய கராஜ்களில் அது வழக்கம். எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் செய்வது. பிரித்துப் பூட்டிய எஞ்சினை முதன்முதல் கிளப்பும்போது எண்ணெய் மூடியைத் திறந்து வைத்து, அந்த வாயில் உள்ளங்கையைப் பிடித்து, வெளியே வரும் காற்றை வைத்து உள்ளே பிஸ்டன் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாடி பிடிப்பது என்று சொல்வார்கள். கார்புரேட்டர் வண்டியில் மூடி திறந்திருந்தால் ஒன்றும் ஆகாது.

கை மூடியிருந்தது, எஞ்சின் ஓடியது. கையைத் தூக்கினார்; எஞ்சின் திக்கியது.

கதவைத் தாண்டாமல் காற்று. நாற்பது தரம் நான் சொன்ன அதே காற்று, திறந்த அந்த வாயால் அடிவயிற்றுக்குள் போய், அவர் கதவுக்குப் பின்னால் பொருத்திய குழாய் வழியாக எஞ்சினுக்குள் நுழைகிறது. கணினிப் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. கிளம்புகிற சில நொடிகளுக்குப் பெட்டி கூடுதலாகத் தரும் பெட்ரோல் தீர்ந்ததும், அந்தக் காற்றுக்குப் பெட்ரோல் காணாமல் எஞ்சின் திக்குகிறது. ஓட்டை விழுந்த குழலால் குளிர்பானம் உறிஞ்சுவதைப் போல.

சொல்லவேண்டும். ஆனால் முதலாளி பக்கத்தில் நிற்கிறார். நான் சொல்வது பிழையென்றால், மனைவி சொல்லி வேலை செய்கிற மெக்கானிக் என்று ஆகிவிடும். சரியென்றால்? அப்போதும் அதுதானே? அதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. கணவர் குனிந்து கார்புரேட்டர் கிடந்த பெட்டியைக் கையால் இழுத்தார்.

"இஞ்சேருங்கோ," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அந்த மூடியை ஒருக்கால் பூட்டிப்போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ."

"எந்த மூடி?"

"எண்ணெய் மூடி. நீங்கள் கையை வைக்கேக்கை ஓடுது. எடுக்க நிக்குது."

முதலாளி குறுக்கிட்டார். "ஏம்மா, இது என்ன சோத்துச் சட்டியா, மூடி போட்டா வேகறதுக்கு?"

கணவர் மூடியைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிவதை நான் பார்த்தேன்.

"ஐயோ, என்ரை பழக்கம்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். எண்ணெய்க் கறை அப்படியே நெற்றியில் பதிந்தது. மூடியை எடுத்துத் திருகினார். இறுக்கினார். சாவியைத் திருப்பினார்.

உறுமியது. தள்ளாடவில்லை. பத்து எண்ணினேன், முப்பது எண்ணினேன், நூறு எண்ணினேன். உறுமல் தணிந்து, தைத்துக்கொண்டிருக்கும் மெஷினைப் போல ஒரே சீராக இறங்கி நின்றது. முதலாளி எஞ்சினின் மேல் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்தார். தேநீர் நடுங்கியது, சிந்தவில்லை.

அவர் என் கணவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "யாரு கண்டுபுடிச்சது? நீயா, புஸ்தகமா?"

"புத்தகத்திலை மூடியைப் பற்றி ஒண்டும் இல்லை," என்றேன். உடனே, பெருமையாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து, "அவர் எல்லாக் குழாயும் சரியாப் பூட்டினபடியாத்தான் தெரிஞ்சது," என்று சேர்த்தேன்.

"சரி சரி, பங்கு போட்டுக்கோங்க." என் கணவரின் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. துடைப்பத்தைத் தொடாதே, அதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். ஸ்பானரை எடு. இப்ப இதை வெளிய எடு, ஓட்டிப் பாக்கணும். நீதான் ஓட்டணும்."

"நானோ?"

"செஞ்சவன் ஓட்டட்டும். எங்கயாவது நின்னு போச்சுன்னா நீயே இறங்கித் தள்ளு."

முதலாளி முன்னால் ஏறிக்கொண்டார். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அகலமான பின்னிருக்கையில் ஒரு மூலையில் இருந்தேன். கார் கராஜ் வாசலைக் கடந்து தெருவுக்கு இறங்கியபோது, காய்கறிப் பெட்டிகள் இறக்கிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் கையிலிருந்த வாழைக்குலையோடு தெருவுக்கே வந்துவிட்டார். "டேய், எங்கடையாள் ஓட்டுறான்ரா!" என்று யாரோ கத்துவது கேட்டது.

முதல் சிவப்பு விளக்கில் நான் மூச்சைப் பிடித்தேன். கார் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. இரண்டாவது விளக்கிலும் அப்படியே. பார்பேஸ் சந்தியில், மேலே மெட்ரோ இரைந்துகொண்டு போக, அந்த இரைச்சலுக்குள்ளும் எங்கள் எஞ்சின் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்டேன். விளக்கு பச்சையானதும் கணவர் மெல்ல மிதித்தார். கார் திக்காமல் பாய்ந்தது. முதுகு இருக்கையோடு ஒட்டியது. பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள்.

"வுவாலா!" என்று முதலாளி முன்பலகையில் தட்டினார். "போதும்பா, திரும்பு. கராஜைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கோம்."

கணவர் திரும்புவதற்காகக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அதில் நான் தெரிந்திருக்கவேண்டும். அவருடைய நெற்றியில் இன்னும் அந்தக் கறை இருந்தது.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அன்று முதலாளியின் தோளுக்கு மேலால் எட்டி, "முசியே, இன்னும் ஒரே ஒரு சுத்து," என்று கேட்டேன்.