மயில் கழுத்து கிரேயான்

என் வீட்டு முன் அறையில் குடிவந்திருக்கும் பெண், பட்டுக்குச் சாயம் போடும் குடும்பத்தில் பிறந்தவர். செய்வது பிள்ளைகள் வரையும் மெழுகு கிரேயான். கரியையும் எண்ணெயையும் பிசைந்து தொடங்கிய சங்கதி இது, எண்ணெய் இருந்த இடத்துக்கு மெழுகு வந்த பிறகே கையில் ஒட்டாமல் நின்றது என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

அடுப்பு எரியும் அறை என்பதால் தினம் ஐந்து முறையாவது எட்டிப் பார்ப்பேன். தண்ணீர்ப் பானைக்குள் வைத்த பாத்திரத்தில் மெழுகு உருகும். கலர் பவுடரைக் கலந்து, எழுபத்திரண்டு குழிகள் கொண்ட அச்சில் ஊற்றுவார். இதுவரை ஒரு சொட்டு தரையில் விழுந்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் சென்னைக் கடைக்காரர் ஒருவர் காஞ்சிப் புடவை நிறங்களில் பன்னிரண்டு குச்சிகள் கொண்ட பெட்டி கேட்டார். மாதிரிப் பெட்டி பிடித்துப்போனால் அந்தப் பெண்ணுக்கு முதல் பெரிய ஆர்டர். அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை என்று பதினொன்று அச்சு அசலாக வந்தன. பன்னிரண்டாவது மயில் கழுத்து. நீலத்தையும் பச்சையையும் சேர்த்து உருக்கினார். பாசி பிடித்த குளம்போல ஒரு நிறம் வந்தது. பெட்டியிலோ பெயர் அச்சாகிவிட்டது. கடைக்காரர் மறுநாள் வருகிறார்.

"நெடுக்க ஓடற பாவு நீலம், குறுக்க ஓடற ஊடை பச்சை. ரெண்டு நூலும் தனித்தனியா இருந்தாதான் சார் அது மயில் கழுத்து. சாயக்காரன் வூட்ல பொறந்துட்டு ரெண்டையும் ஒண்ணா கரைச்சேன் பாருங்க," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"பேரு மேல வேற காகிதம் ஒட்டிடலாமேம்மா. அவர் நாளைக்கே வந்துடுவாரே."

"சும்மா இருங்க சார், பயமுறுத்திக்கினே இருக்கீங்க."

மைசூர்பாகு தட்டில் நீல மெழுகை ஊற்றினார். இறுகியதும் மேலே பச்சையை ஊற்றி, குச்சி குச்சியாக வெட்டினார். உறுதியா என்று பன்னிரண்டு குச்சிகளைக் கீழே போட்டுப் பார்த்தேன். ஐந்து இரண்டாகப் பிரிந்தன. அடுத்த தட்டில் நீலம் முழுக்க இறுகுமுன், பால்போல ஆடை கட்டியவுடனே பச்சையை ஊற்றினார். ஒன்றுகூடப் பிரியவில்லை. நான் இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன்.

காலையில் வந்த கடைக்காரர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நீலமா, பச்சையாம்மா?"

"நெடுக்க நீலத்தால தீட்டுங்க, குறுக்க பச்சையால. நெய்யணும் சார்."

தீட்டினார். காகிதத்தில் மயில் கழுத்து வந்தது. சிறிது நேரம் நிறுத்தாமல் தீட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "ஆர்டர் உங்களுக்குத்தான். பன்னெண்டுமே இப்படி ரெட்டைக் கலர்ல வருமா?" என்றார்.

வராது என்று நான் சொல்வதற்குள், "நாலு வரும் சார்," என்றார் அந்தப் பெண்.

எந்த நாலு என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இதுவரை இரண்டுதான் சொல்லியிருக்கிறார்.