திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்த துக்கம்

மாரியப்பன் அண்ணாச்சி போய்விட்டார் என்று வெள்ளிக்கிழமை விடியலில் அவர் மகன் போனில் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மாதக்கணக்கில் நாங்கள் காத்திருந்த பெரிய படம் அன்றைக்குத்தான் வெளியாகிறது. போயும் போயும் இந்த வெள்ளிக்கிழமைதானா கிடைத்தது இந்த மனுஷனுக்கு?

அவரோடு பழகியவர்கள் இதைப் படித்து முகம் சுளிக்க மாட்டார்கள். கோவில்பட்டியில் எங்கள் தியேட்டருக்கு அவரும் என் கணவரும் கூட்டாளிகள். கணவர் காலமான பிறகு அந்தப் பங்கு எனக்கு வந்தது. சுற்றுவட்டாரத் தியேட்டர்கள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறிக்கொண்டிருந்த நேரம். நாமும் விற்றுவிடலாம் என்பேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அவர் கணக்கே வேறு. முன்பெல்லாம் ஜனங்கள் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில் சனிக்கிழமைச் சம்பளம் வாங்கி, இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்று ஆற அமர வருவார்கள். இப்போது படம் தேறுமா தேறாதா என்பது முதல் காட்சி இடைவேளையிலேயே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. சில வாரங்களில் படமே போனுக்கு வந்துவிடுகிறது.

"தங்கச்சி, வெள்ளி, சனி, ஞாயிறு. படத்துக்கு ஆயுசு இப்ப அம்புட்டுதான். நாலாம் நாளு அம்மாம்பெரிய ஹால்ல சுத்துத ஃபேனுக்கா படம் காட்டுதோம்?" என்றார்.

நடுவில் சுவர் எழுப்பி அரங்கை இரண்டாக்கினால் மூன்று நாள் இரண்டிலும் பெரிய படம் போடலாம், திங்களன்று ஒன்றில் வேறு படம் மாற்றலாம் என்பது அவர் யோசனை. யோசனை சரிதான்.

சுவர் கட்டியதுதான் கூத்து. மதுரையிலிருந்து இன்ஜினியரைக் கூப்பிடுவோம் என்றேன். அவர் தீப்பெட்டி ஆபீஸ் கட்டிப் பழகிய கொத்தனாரைப் பிடித்து வந்தார். அந்த மனிதர் தீக்குச்சி மருந்து வைக்கும் அறைக்கு விடுவதுபோல, கூரைக்குக் கீழே காற்றுப் போக நீளமாக இடைவெளி விட்டுக் கட்டிவிட்டார். அவருக்கும் அண்ணாச்சிக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. திறந்த அன்று பெரிய படம் எதுவும் இல்லாததால் இரண்டிலும் வேறு வேறு படம். இந்தப் பக்கப் படத்தில் கதாநாயகியின் அப்பாவுக்கு உயிர் பிரிகிறது. அந்தப் பக்கத்துக் குத்துப்பாட்டு சுவரேறி வந்து இறங்குகிறது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சியோ வெளியே வந்தவர்களிடம், "ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு படம் குடுத்திருக்கேன், என்ன கொறை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அந்த இடைவெளியை அடைத்தார்.

எங்கள் ஊரில் முதலாளி இறந்தால் அன்றைக்குக் கடையடைப்பு. தியேட்டருக்கும் அதே வழக்கம்தான். ஆனால் மூன்று நாளைக்கும் டிக்கெட் விற்றிருந்தது. அதற்கு முந்தைய படங்கள் கரண்ட் பில்லுக்குக்கூடக் காணவில்லை. இந்தப் படத்தையும் விட்டால் பிறகு தியேட்டரைத் திறக்கவே வேண்டாம். அதைத் துக்க வீட்டில் போய் எந்த வாயால் சொல்வது? அண்ணாச்சியின் மனைவி வேலம்மாள் மதினியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழுது ஓய்ந்து மதினியே என் கையைப் பிடித்தார்.

"ஏம்மா, இன்னைக்குப் படமுல்லா? அவிய ரெண்டு நாளா அதத்தான் பேசிக்கிட்டு இருந்தாவ. அவியளுக்காகப் பூட்டணும்னா திங்கக்கெழம பூட்டிக்கிடுங்க. இன்னைக்கு ஓட்டுங்க."

ஓட்டினோம். சுடுகாட்டுக்கு ஊர்வலம் தியேட்டர் வழியாகத்தான் போனது. வரிசையில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு மாட்டிக்கொண்டு படத்துக்குப் போனார்கள். எனக்கு அது தவறாகப் படவில்லை. பிணம் தெருத் தாண்டுவதற்குள் வசூல் பார்க்கிறாள் என்று என் காதுபடச் சிலர் பேசினார்கள். பேசட்டும்.

திங்கட்கிழமை பூட்டி, வாசலில் அவர் படத்துக்கு மாலை போட்டோம். தியேட்டரைக் குடோனாக்க விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர் அன்றைக்கே போன் செய்தார். இனித் தடுக்க ஆளில்லை, முடித்துக்கொள்ளலாமே என்றார்.

விற்பதாக இல்லை என்றேன். சொன்னது என் வாய்தான். அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று தங்கியது அந்தப் பிடிவாதம். நான் அப்படிச் சொன்னதைக் கேட்க அவர் இல்லையே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.