ஒன்பது பிள்ளை மெம்பர்

என் புருஷன் ஹுசைன் ஒரே ஒரு தவணைதான் மாகாண சபை மெம்பராக இருந்தார். பல்லேபொலயில் மிளகும் கராம்பும் வாங்கி விற்றுக்கொண்டிருந்த மனுஷனைப் பிடித்து வோட்டுக் கேட்க வைத்தவர் அவருடைய கூட்டாளி, நாவுல ரவூப் நானா. வென்றதும் மாத்தளை டவுனில், பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்தோம். இரண்டே அறை. விடிந்தால் வாசல் நிறைய ஆட்கள். இவருக்கு "முடியாது" என்ற சொல் மட்டும் வாயில் வராது. அந்த வாயை வைத்துக்கொண்டு அரசியலுக்குப் போனதுதான் பிழை.

பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கிற பிள்ளையைத்தான் முதலாம் வகுப்பில் முதலில் சேர்ப்பார்கள். ரவூப் நானா தன் மகள் நிஷ்மியாவுக்காகக் கேட்டார். அவள் எங்கள் வீட்டில் வளர்கிறாள் என்று இவர் மெம்பர் கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆள் கேட்டார், அவருக்கும் கொடுத்தார். அப்படியே ஒன்பது பிள்ளைகள்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள்.

"பிள்ளைங்க எங்க தூங்குறாங்க?"

"எந்தப் பிள்ளைங்க? எங்களுக்குப் பிள்ளையே இல்லையே" என்றேன். அந்தக் குறை எந்நேரமும் நெஞ்சில் கிடந்தது, கேட்டதும் வாயில் வந்துவிட்டது.

கட்சி இவரைக் கழற்றிவிட்டது. பேப்பரில் படம் வந்தது. 'ஒன்பது பிள்ளை மெம்பர்' என்று டவுனே சிரித்தது. ஒன்பது பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கினார்கள். நிஷ்மியா வெள்ளைச் சட்டையோடு அழுதுகொண்டு வெளியே வந்ததை இவர் ரோட்டில் நின்று பார்த்தார். அந்த வாரமே பல்லேபொலக்குத் திரும்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு ரவூப் நானா எங்கள் பக்கம் வரவே இல்லை. பதவி போனதற்காக இவர் ஒரு நாளும் பெருமூச்சு விட்டதில்லை. வாசலில் த்ரீவீல் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நிற்பார். "அவன் ஒருக்கா வந்தாப் போதும், றுஸைனா" என்பார். பதினான்கு வருடம் இதே பேச்சு.

போன மாதம் நிஷ்மியாவுக்குக் கல்யாணம். எங்கள் ஆட்களில் ஆணுக்கு ஆண் வந்து கல்யாணத்துக்குச் சொல்ல வேண்டும், பெண்ணுக்குப் பெண். ரவூப் நானாவின் மனைவி றஹீமா வந்து என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். இவருக்குச் சொல்ல ஆள் வரவில்லை. கடைக்குக்கூடப் போகாமல் கல்யாண நாள் வரைக்கும் வீட்டிலேயே காத்திருந்தார்.

"நீ போ. பிள்ளை எப்படி இருந்திச்சுன்னு வந்து சொல்லு" என்றார். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. சண்டை பிடிக்கத்தான் நாவுலக்குப் பஸ் ஏறினேன்.

ரவூப் நானா வாசலிலேயே நின்றார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவன் எங்க?"

"நீங்க வந்து சொன்னாத்தானே!"

"எந்த மூஞ்சியோட வாறது? எனக்காகத்தானே அந்தக் கடிதத்தை எழுதினான். அவன்ட பேரைக் கெடுத்ததே நான்தான். சொல்லாமலே வருவான்னு காலையில இருந்து ரோட்டையே பாத்துக்கிட்டிருக்கேன்."

யா அல்லாஹ்! சண்டையெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது. இவருக்குப் போனை அடித்து ரவூப் நானாவின் கையில் கொடுத்தேன்.

"ஹுசைன், நான்தான். நீ வாற வரைக்கும் நிக்காஹ் இல்ல. வாடா."

போனை வாங்கிக் காதில் வைத்தேன். அங்கே தன் போனை அணைக்கக்கூட மறந்து இவர் வீட்டுக் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.